வலை நனையாத நாள்

அந்தத் துறையில் மீனவர் சங்கத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. போட்டியிடுகிறவர்கள் சங்கக் கட்டடத்துக்கு முன்னால், மணலில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாருக்கு யார் வேண்டுமோ அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். தலைகளை எண்ணி முடித்தால் தேர்தல் முடிந்தது. இதென்ன பழைய காலத்துக் கூத்து, இரகசிய வாக்கெடுப்பு வைப்போம் என்று இளம் ஆட்கள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். “கையைத் தூக்கினவன் நாளைக்குத் தூக்கேல்லை எண்டுவான். சீட்டுப் போட்டவன் ரெண்டு பேரிட்டையும் போய் உனக்குத்தான் போட்டனான் எண்டுவான். நிண்டவன் நிண்டதுதான்” என்று பழையவர்கள் அவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். போட்டியிடுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் ஒரு விதி. பின்னால் ஊரே நிற்கிறதா, ஒரு காக்காயும் இல்லையா என்று தெரியாமல் அவன் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

இந்தமுறை போட்டியிடும் எமில்ராஜுக்குப் பயம் தந்தது அதுதான். தோற்பது பற்றி அவனுக்குப் பயமில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் நின்று கடலைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் பயம்.

தோற்பதற்கு வழியும் இல்லை. பல வருடம் தலைவராக இருந்த செபநாயகம் கண் பார்வை மங்கி ஒதுங்குகிறார். அவருடைய இடத்துக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் எமில்ராஜ், மற்றவன் கொலின்ஸ். வள்ளச் சொந்தக்காரருக்கும் மீன் முதலாளிமாருக்கும் வேறு சங்கங்கள் உண்டு. இது கடலுக்குப் போகிறவர்கள் தாங்களே சேர்ந்து, தாங்களே நடத்துகிற சங்கம். அதனால் மேடைப் பேச்செல்லாம் இங்கே எடுபடாது. ஆபத்து அந்தரத்துக்கு ஓடி வருகிறவன் யார் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் எமில்ராஜை அடிக்க ஆளில்லை. கனிசியஸுக்கு அவன் செய்தது போதாதா?

ஆஸ்பத்திரியில் கனிசியஸின் பாதத்தின் முன்பாதியை எடுத்தபோது பக்கத்தில் கிடந்தவன் எமில்ராஜ். மாரி மழை பலக்குமுன் அவனுடைய வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றிக் கொடுத்தவன் எமில்ராஜ். கடலால் வந்தால் முதல் மீன் அந்த வீட்டுக்குத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எமில்ராஜின் நெஞ்சு குறுகுறுத்ததோடு நில்லாமல் தகரமும் ஏற்றியது, மீனும் சுமந்தது. ஊர் அதைப் பார்த்து, மனுசன் என்றால் இவனல்லவோ மனுசன் என்றது.

நடந்தது இதுதான்.

ஐப்பசியில் ஒருநாள் மாலை கனிசியஸும் அவனுடைய தம்பி றோயும் கடலுக்குப் போனார்கள். இரவு காற்று அடித்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் திரும்பிவிட்டன, அவர்களுடையது வரவில்லை. விடிந்ததும் கோயில் மணி அடித்தது. அந்தத் துறையில் அந்த மணி கேட்டால் ஒருவனும் தொழிலுக்குப் போவதில்லை. சங்கத்தின் முதல் விதி அது. கடலில் ஆள் காணாமல் போனால், உயிரோடோ பிணமாகவோ கரை சேரும் வரை வலை நனையாது. எல்லா வள்ளமும் தேடத்தான் போக வேண்டும். பசியில் பிள்ளை அழுதாலும் வலை நனையாது. அந்த விதியை மீறினவன் என்று ஒருவனையும் காட்ட அந்தத் துறையில் யாராலும் முடியாது.

செபநாயகம் கரையில் நின்று கடலைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். நெடுந்தீவுக்கு மேற்கே கொலின்ஸ். தெற்கே எமில்ராஜ். எமில்ராஜோடு போனவன் அவனுடைய மனைவி லவீனாவின் தம்பி ஜெயசுதன். போன அவசரத்தில் வள்ளத்தில் கிடந்த வலையை இறக்கி வைக்க நேரமிருக்கவில்லை. அதை இறக்கி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மதியம் வரை இருவரும் கண் நோகத் தேடினார்கள். அதில் பொய்யில்லை. மதியத்துக்குப் பிறகு மேற்குப் பக்கமாகப் பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழும்புவதை ஜெயசுதன் கண்டான்.

“அத்தான், அறக்குளா!”

எமில்ராஜ் வள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பினான். அது அவனுக்குத் தந்த பக்கம் அல்ல, கொலின்ஸுக்குத் தந்த மேற்கு. கொலின்ஸைக் காணவில்லை. அவன் என்ஜினுக்கு எண்ணெய் முடியும் நிலையில், நிரப்பிக்கொண்டு வரக் கரைக்குத் திரும்பியிருந்தான். தண்ணீருக்கு மேல், நல்ல விலைக்குப் போகும் பெரிய அறக்குளா மீன்கள் துள்ளின. அந்த மாதம் முழுக்க அவன் வலையில் சூடையும் சருகுமான சில்லறை மீன்தான். “ஒருக்கால் போட்டு எடுப்பம். வலை கிடக்கிற நேரம் சும்மாதானே இருக்கப்போறம். இருந்து கடலைப் பாத்தால் அதுவும் தேடுறதுதானே” என்று சொன்னவன் ஜெயசுதன் அல்ல, எமில்ராஜ்தான். ஆளைத் தேடப் போனவன் நியாயத்தைத் தேடிப் பிடித்துவிட்டான்.

வலை நிறைந்தது. வேறொரு துறையில் ஜெயசுதனுக்குத் தெரிந்த ஒருவன் இருந்தான், அவனிடம் இறக்கிவிடலாம் என்பது திட்டம். கரைக்குக் கிட்ட வந்து தொலைபேசி வேலை செய்ததும் அவன் சொன்னான், அந்தக் கரை முழுவதுமே துக்கத்துக்கு மீன் ஏலம் கூறுவதை நிறுத்தியிருக்கிறார்கள், மீன் என்று வாயைத் திறக்கவும் வேண்டாம் என்று. இரண்டு பேரும் அத்தனை அறக்குளாவையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் போட்டார்கள். வெள்ளி மின்னிக்கொண்டு கீழே போயின. பிறகு வள்ளத்தில் கிடந்த இரத்தத்தைக் கழுவினார்கள். ஒரு துண்டு மீன்கூட வீட்டுக்கு வரவில்லை. ஒன்றுமில்லாததற்காகத்தான் அந்த வலை நனைந்தது.

மூன்றாம் நாள் காலை, மன்னார்ப் பக்கத்து வள்ளமொன்று கனிசியஸைத் தூக்கியது. மீன் வைக்கும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். வள்ளம் கவிழ்ந்தபோது என்ஜின் காற்றாடி அவனுடைய பாதத்தைச் சிதைத்திருந்தது. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த றோய் இரண்டாம் இரவு கையை விட்டுவிட்டான். நாலாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. அடக்கம் முடிந்த பிறகுதான் அந்தத் துறையில் வலை நனைந்தது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கனிசியஸ் ஒன்று சொன்னான். ஊர் தேடத் தொடங்கிய முதல் நாள் பின்னேரம், நெடுந்தீவுக்கு மேற்கே, தூரத்தில் ஒரு வள்ளத்தைக் கண்டார்களாம். அது வலை போட்டுக்கொண்டு நின்றதாம். “வலை போட்டவங்கள். அப்ப எங்கடை ஆக்கள் இல்லை எண்டு விளங்கிட்டுது.”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற எமில்ராஜுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது.

அந்த வள்ளம் அதன் பிறகு வாய்க்கு வாய் வளர்ந்தது. வெளியாள் வள்ளம் என்றார்கள். புரட்டாதியில்தான் வெளித்துறைக்காரர் ஒருவரின் வலையைச் சங்கம் பிடித்து வந்து கரையில் வைத்து எரித்திருந்தது. அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே ஆளைச் சாகவிட்டார்கள் என்றார்கள். மார்கழிக்குள் அந்த வள்ளத்துக்குச் சிவப்பு நிறமும், ஐந்து ஆட்களும், சத்தமாகப் பாடும் ரேடியோவும் சேர்ந்துவிட்டன. கனிசியஸைத் தூக்கி வந்ததும் ஒரு வெளியாள் வள்ளம்தான் என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. இன்னொரு பேச்சும் கூடவே ஓடியது. மேற்கு கொலின்ஸுக்குத் தந்த பக்கம். எண்ணெய் என்று சாட்டுச் சொல்லி வீட்டுக்கு வந்தவன் அவன். நின்று தேடியிருந்தால் றோய் இன்றைக்கும் இருப்பான். கொலின்ஸ் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவனே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான் போலும், உடம்பு பாதியாகிவிட்டது.

தேர்தல் வந்ததும் ஜெயசுதன் அத்தானுக்காக வீடு வீடாகப் போனான். “வெளியாளைக் கடலுக்கை விடாத தலைவர்” என்பதுதான் அவனுடைய பேச்சு. கூசாமல் சொன்னான்.

“டேய், உந்தக் கதையை விடு” என்றான் எமில்ராஜ் ஒருநாள்.

“என்னத்தை விடுறது? சனம் கதைக்கிறதை நானும் கதைக்கிறன். அத்தான், செத்தவன் வரப்போறானே? நீங்கள் வாயைத் திறந்தால் அக்கா றோட்டாலை போகேலாது. சும்மா இருங்கோ.”

தேர்தலுக்கு முந்தின கிழமை லவீனா அறக்குளாப் பொரியல் வைத்தாள். அறக்குளா என்றால் உயிரை விடுகிற மனுசன் அவன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். “ஐப்பசிக்குப் பிறகு நீங்கள் உந்த மீனைத் தொட்டதை நான் காணேல்லை. வயித்திலை ஏதும் வருத்தமோ? சொல்லுங்கோவன்” என்றாள். “பல்லுக்குத்து” என்றான். அறக்குளாவுக்கும் பல்லுக்குத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய பார்வை கேட்டது.

இருக்க முடியாமல் ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்ப் பக்கம் போனான். தன்னைத் தெரியாத ஒரு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வதற்குத்தான். முழங்காலில் நின்று, வேலை செய்யக்கூடாத நாளில் வேலை செய்துவிட்டேன் சுவாமி என்றான். சுவாமியார், ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி சொன்னார். எமில்ராஜ் சொன்னான். வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இன்னும் ஐம்பது சொன்னான். பொய் சொல்லாமல் பொய் சொல்வது எப்படி என்பதைத் தான் நன்றாகப் பழகிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

அவனை உண்மையில் உலுக்கியது அதற்குப் பிறகு வந்த செய்திதான். அவனுடைய பெயரை முன்மொழியப் போகிறவன் கனிசியஸ்.

தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் எமில்ராஜ் கனிசியஸின் வீட்டுக்குப் போனான். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனான். அடித்தால் வாங்குவது, துப்பினால் துடைப்பது.

கனிசியஸ் விறாந்தையில், ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, புதுச் சப்பாத்து ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தான். பாதத்தின் முன்பாதி இல்லாத பக்கத்துச் சப்பாத்துக்குள் அடைக்க, றெஜிபோம் துண்டொன்றைக் கத்தியால் செதுக்கியிருந்தான்.

“வா எமில். நல்ல நேரம் வந்தாய். கோல் இல்லாமல் நிண்டு பாக்கிறன், ஒருக்காப் பிடி” என்றான். “தலைவரை முன்மொழியிறவன் கோலோடை நிண்டால் சனம் சிரிக்கும்.”

எமில்ராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கையை விட்டு, மூச்சைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஆடினான். எமில்ராஜ் தாங்கி இருத்தினான்.

“அண்ணை, ஒரு கதை கதைக்க வேணும்.”

“தேர்தல் கதையெண்டால் விடு. நீ வெண்ட மாதிரித்தான்.”

“இல்லை. நீங்கள் கண்ட அந்த வள்ளத்தைப் பற்றி.”

கனிசியஸின் முகம் மாறியது. உள்ளே எட்டிப் பார்த்தான். குசினியில் றோயின் மனைவி றோஸ் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கணவன் போன பிறகு அவள் இந்த வீட்டில்தான். கனிசியஸ் கதிரையை முன்னுக்கு இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நானும் அதைத்தான் ஆரிட்டையாவது சொல்ல வேணும் எண்டு கிடந்து வேகிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உவளுக்கும் சொல்லேல்லை. உனக்குச் சொல்லுறன். நீ எனக்கு மற்றத் தம்பி.” கத்தியைத் தள்ளி வைத்தான். “றோய் சொன்னவன், அது எங்கடை வள்ளம் எண்டு.”

எமில்ராஜ் குசினிப் பக்கம் பார்த்தான்.

“‘அண்ணை, முன் அணியத்திலை நீலம் தெரியுது, எங்கடை சங்கத்து வள்ளம்தான், நீந்துவம்’ எண்டான். அவனுக்கு அப்ப நல்ல தெம்பு. தனியப் போயிருந்தாலும் போய்ச் சேந்திருப்பான், ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். நான்தான் அவன்ரை கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். ‘விசரா, வலை போடுறாங்கள், தெரியேல்லையே? ஆள் காணாமப் போன அண்டைக்கு எங்கடை ஆக்கள் வலை போடுவாங்களே? அது வெளியாள். அவங்களிட்டைப் போய் அடி வாங்கவோ? எங்கடை ஆக்கள் மற்றப் பக்கம்தான் தேடுவினம், வா’ எண்டு இழுத்துக்கொண்டு நீரோட்டத்தோடை போனன். அவன் திரும்பித் திரும்பிப் பாத்தவன், எமில். அண்ணை சொன்னால் சரி எண்டு வந்தவன். இரவு கையை விட்டிட்டான்.”

தேங்காய் துருவும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

“நான் பிழை விடேல்லைத்தானே?” என்று கேட்டான் கனிசியஸ். “அது வெளியாள்தானே? நீலம் எவனும் பூசலாம். எங்கடை ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம். செய்ததாய்ச் சரித்திரமே இல்லை. அப்ப நான் நிப்பாட்டினது சரிதானே?”

எமில்ராஜ் கீழே கிடந்த றெஜிபோம் தூளைப் பார்த்தான். “சரிதான் அண்ணை” என்றான்.

“அதை நினைச்சுத்தான் நித்திரை கொள்ளுறன்.” கனிசியஸ் சப்பாத்தைக் கழற்றினான். “சரி, நீ என்ன சொல்ல வந்தனீ?”

“ஒண்டுமில்லை. நாளைக்கு ஓட்டோ அனுப்பிறன் எண்டு சொல்ல வந்தனான்.”

படலையைத் திறந்து வெளியே வந்தவன், வீட்டுக்குப் போகாமல் கரையோரமாக வெகுதூரம் நடந்தான். இதுவரைக்கும் அவன் நினைத்திருந்தது, உண்மையைச் சொன்னால் தன் தலைதான் போகும் என்று. தலை போனால் போகட்டும் என்று துணிந்தும் வந்தான். இப்போது பார்த்தால் அந்த உண்மையால் வெட்டுப்படுவது கனிசியஸ். தம்பி சொன்னது சரி, தான் பிடித்து நிறுத்திய கைதான் அவனைக் கொன்றது என்று அந்த மனுசன் சாகும்வரை கிடந்து வேக வேண்டும். சொல்லாவிட்டாலோ, நாளை வழக்கப்படி வலையைக் கையில் பிடித்து, வலை நனையாது என்ற அந்த விதியைச் சொல்லி, கனிசியஸின் வாயால் தலைவனாக வேண்டும். கொலின்ஸ் பழி சுமந்துகொண்டு திரிய வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் போட்ட வலை விரிந்து கிடந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் சனம் கரைக்கு வந்தது. வேட்டி சட்டையும் களுசானும் பூப்போட்ட குடைகளுமாக மணல் நிறைந்தது. ஆண்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவிமாரும், கடலில் புருசனைக் கொடுத்த பெண்களும் வாக்குள்ளவர்கள். றோஸும் வந்திருந்தாள்.

செபநாயகம் ஒரு வலையைக் கொண்டுவந்து விரிக்கச் சொன்னார். போட்டியிடுகிறவன் வலையைக் கையில் பிடித்து விதியைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவனுக்குப் பின்னால் ஆள் நிற்கலாம்.

முதலில் கொலின்ஸ். அவனை முன்மொழிந்தவனின் குரல் பாதி பேருக்குக் கேட்கவில்லை. கொலின்ஸ் வலையைப் பிடித்து, “கடலிலை ஆள் காணாமப் போனால், கரை சேரும் வரைக்கும் வலை நனையாது” என்றான். “எண்ணெய் முடிஞ்சால் நனையுமோ?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். கொலின்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்ததாகக் கனிசியஸ் எழும்பினான். கோலைக் கதிரையில் சாய்த்துவிட்டு, ஜெயசுதனின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து, பிறகு கையை விட்டுத் தனியாக நின்றான். சனம் கை தட்டியது. “எனக்குக் கதைக்கத் தெரியாது. எமில்ராஜை முன்மொழியிறன். என்ரை தம்பி இருந்தால் இண்டைக்கு இவன்ரை முதுகுக்குப் பின்னாலைதான் நிண்டிருப்பான்” என்றான். றோஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எமில்ராஜ் வலையைக் கையில் எடுத்தான்.

“கடலிலை ஆள் காணாமப் போனால்…” என்று தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை. இரண்டாம் தரம் தொடங்கினான், அதே இடத்தில் நின்றது. சனம் பொறுமையாக இருந்தது. பாவம், றோயை நினைக்கிறான் என்று யாரோ மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கனிசியஸ் குனிந்து, புதுநன்மை வாங்கப் பழகும் பிள்ளைக்குச் செபம் எடுத்துக் கொடுக்கிறவன் போல, “கரை சேரும் வரைக்கும்…” என்று அன்போடு எடுத்துக் கொடுத்தான்.

“தெரியும் அண்ணை” என்றான் எமில்ராஜ். வலையைக் கீழே வைத்தான். “எனக்கு உந்த விதியைச் சொல்ல உரிமை இல்லை. நான் நனைச்சனான்.”

“அத்தான்!” என்றான் ஜெயசுதன்.

“என்னடா கதை உது?” செபநாயகம் மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

“உண்மைக் கதைதான். கனிசியஸ் அண்ணையையும் றோயையும் தேடப் போன அண்டைக்கு நான் வலை போட்டனான். அறக்குளாவைக் கண்டன், போட்டன். விக்க ஏலாமல் எல்லாத்தையும் திருப்பிக் கடலிலை எறிஞ்சன். சுதனிலை பிழையில்லை. போடுவம் எண்டு சொன்னது நான். கொலின்ஸ் எண்ணெய் முடியும் வரைக்கும் தேடினவன். நான் எண்ணெய் இருக்கத் தேடாமல் விட்டவன். அவனைப் பாத்துச் சிரிச்ச ஆக்கள் இனி என்னைப் பாத்துச் சிரியுங்கோ.”

எல்லாச் சத்தமும் ஒன்றாக எழும்பியது. யாரோ தூ என்று துப்பினார்கள். லவீனா தலையில் இருந்த முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டதை எமில்ராஜ் கண்டான். செபநாயகம் கையைத் தூக்கி அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அடங்கியது கனிசியஸ் வாயைத் திறந்தபோதுதான்.

“எந்தப் பக்கம்?”

அது கோபக் குரல் அல்ல. கோபமாக இருந்திருந்தால் எமில்ராஜ் தாங்கியிருப்பான். கனிசியஸின் உதடுகளில் இரத்தமே இல்லை. ஒரு கை தானாகவே மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, றோயின் கையைப் பிடித்தது போல.

மேற்கே என்ற ஒரு சொல் எமில்ராஜின் நாக்கு நுனியில் நின்றது. அதைத் துப்பிவிட்டால் அவனுடைய வாய் சுத்தமாகும். ஆனால் துப்புவது கனிசியஸின் முகத்தில். பாதியைச் சொன்னவன் மீதியையும் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்குப் பிறகு அவன் நிம்மதியாகப் படுக்கலாம். அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுப்பது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

“தெற்காலை அண்ணை” என்றான். “எனக்குத் தந்த பக்கத்திலைதான்.”

கனிசியஸ் ஜெயசுதனைப் பார்த்தான். “ஓமோ?”

வீடு வீடாகப் போய் நாக்கூசாமல் கதைத்த ஜெயசுதனுக்கு இப்போது நாக்குப் புரளவில்லை. மணலைப் பார்த்தபடி, “ஓம் அண்ணை. தெற்காலை” என்றான்.

“அப்ப நான் கண்டது நீ இல்லை.”

“இல்லை அண்ணை.”

“அது வெளியாள்.”

“ஓம் அண்ணை. வெளியாள்.”

கனிசியஸ் மணிக்கட்டை விட்டான். விட்ட கையால் எமில்ராஜின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அறைந்த வேகத்தில் தானே தடுமாறினான். எமில்ராஜ் பிடிக்கப் போனான், அவன் தட்டிவிட்டான்.

தீர்ப்புச் சொல்லச் செபநாயகத்துக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எமில்ராஜ் இனி எந்தக் காலத்திலும் சங்கப் பதவிக்கு நிற்கக்கூடாது. கோயில் பெருநாள் முடியும் வரை கடலுக்குப் போகக்கூடாது. அவனுடைய வலை சங்கக் கட்டடத்து முன்வாசலில் தொங்கும். “சங்கத்தை விட்டு இவனைக் கலைக்க வேணும்” என்று சிலர் கத்தினார்கள். “தானாய்ச் சொன்னவன். கலைச்சால் இனி ஒருத்தனும் தானாய்ச் சொல்லமாட்டான்” என்றார் கிழவர்.

ஒருவன்தான் மிஞ்சினான் என்றாலும் முறை முறைதான். கொலின்ஸ் கடலைப் பார்த்து நின்றான். எண்ணெயைச் சொல்லிச் சிரித்தவன்தான் முதலாவதாகப் போய் அவனுக்குப் பின்னால் நின்றான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். றோஸ் போனாள். முக்காட்டை இறக்காமலே லவீனா போனாள். கடைசியாக எமில்ராஜ் வரிசையின் வாலில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

இப்போது அவனும் கடலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கன்னம் எரிந்தது. அந்த எரிவு கொஞ்சம் இதமாகவும் இருந்தது, அதற்காகவும் அவன் வெட்கப்பட்டான். இவ்வளவு பேரும் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். கோப்பாய்க் கோயிலில் செய்த வேலையையே இங்கேயும் செய்திருக்கிறான். அங்கே தனக்காகச் செய்தான். இங்கே யாருக்காக என்று எவ்வளவு யோசித்தும் அவனால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

பின்னால் சப்பாத்து மணலில் இழுபடும் சத்தம் கேட்டது. கோல் கதிரையோடு கிடந்தது. கனிசியஸ் அதை எடுக்காமலே வந்துவிட்டான். வரிசையின் வாலுக்கு வந்ததும் ஆடினான். பிடிக்க வேறு ஒன்றும் இல்லை. அவனுடைய கை எமில்ராஜின் தோளில் விழுந்து, இறுகப் பிடித்தது. மூச்சு வாங்குவது எமில்ராஜின் பிடரியில் பட்டது. செபநாயகம் முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.

“எமில்” என்றான் கனிசியஸ், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

“ஓம் அண்ணை.”

“உன்ரை அணியமும் நீலம்தானே?”

எமில்ராஜ் திரும்பவில்லை. “எல்லாற்றை அணியமும் நீலம்தான் அண்ணை.”

செபநாயகம் இன்னும் நாலைந்து பேரை எண்ணி முடித்தார். “ஓம்” என்றான் கனிசியஸ் பிறகு. “எல்லாற்றை அணியமும் நீலம்தான்.”

கை தோளிலேயே இருந்தது. தான் ஓரடி விலகினால் அந்த மனுசன் விழுந்துவிடுவான் என்பது எமில்ராஜுக்குத் தெரியும். செபநாயகம் வந்து இருவரையும் எண்ணி முடிக்கும் வரை அவன் அசையாமல் நின்றான்.